கூடைக்கு ஒரு கிலோ: எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை

கேள்வி:

ஐயா, வணக்கம். எனக்கு 31 வயது. பண்ருட்டி பக்கத்தில் ஒரு முந்திரிக் கொட்டகையில் கணக்கு எழுதுகிறேன். அறுபது பெண்கள் பருப்புக்குத் தோல் உரிக்கிறார்கள். கிலோவுக்கு 25 ரூபாய் கூலி. சாயங்காலம் ஒரே ஒரு தடவை எடை. உரித்த பருப்பைக் கூடையோடு தராசில் வைத்து, கூடைக்கென்று ஒரு கிலோ கழித்துச் சீட்டு எழுதுவார் மேஸ்திரி. ஆனால் கூடை 600 கிராம்தான். நான்கு வருடத்துக்கு முன் நான் சேர்ந்தபோது 700 கழித்தார்கள். அப்போது இருந்தது கனமான கூடை. பிறகு லேசான கூடை வந்தது, கழிவோ 800 ஆனது. ஈரப்பதம் என்றார்கள். போன வருடத்திலிருந்து ரவுண்டாக ஒரு கிலோ. மிச்ச எடை எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். கூலிப் பட்டியலில் மூன்று பெயர்கள் உண்டு, ஆள் கிடையாது. சனிக்கிழமை அந்த மூன்று கூலியையும் மேஸ்திரிதான் வாங்கிக்கொள்கிறார். பெயர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது நான்.

மேஸ்திரி அண்ணன் கெட்டவர் இல்லை ஐயா. எங்கள் ஊர்க்காரர். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். அப்பாவுக்கு ஜிப்மரில் ஆபரேஷன் நடந்தபோது சொந்தக்காரர்கள் போனை எடுக்கவில்லை. அவர்தான் பைக்கில் பாண்டிச்சேரிக்கு வந்து ரத்தம் கொடுத்தார். கொட்டகையில் பாதிப் பேருக்கு வட்டியில்லாமல் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்.

போன மாதம் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். பத்தொன்பது வயது இருக்கும். மூன்றாம் நாள் எடை போடும்போது, "கூடை ஒரு கிலோவா இருக்கும்?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு யாரோ சிரித்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. அந்தச் சிரிப்பு என்னைத் தூங்கவிட மாட்டேன் என்கிறது. இத்தனை பேருக்குத் தெரிந்தும் ஏன் ஒருவரும் கேட்பதில்லை? ஒரு பைசா வாங்காத நானும் திருடியா? நான் என்ன செய்ய?

பெயர் வேண்டாம், கடலூர் மாவட்டம்

பதில்:

சகோதரி,

கடிதத்தைப் படித்து முடித்ததும் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். பழைய பழக்கம். கூடைக்கு 400 கிராம் கூடுதல் கழிவு என்றால் கூலியில் 10 ரூபாய். அறுபது பேருக்கு ஒரு நாளைக்கு 600. மாதம் 25 வேலை நாள் வைத்தால் 15,000. வருடத்துக்கு 1,80,000 ரூபாய். உரிக்கிறவளுக்கு அது ஒரு டீ காசு. வாங்குகிறவருக்கு இரண்டு வருடத்தில் வீட்டுக்கு மாடி எடுக்கிற காசு. இப்படிப்பட்ட திருட்டு நீண்ட நாள் ஓடுவதற்கு இந்த வகுத்தல் கணக்கே பாதிக் காரணம். பத்து ரூபாயைக் கேட்டு நிற்கிறவளைத்தான் ஊர் ஏளனமாகப் பார்க்கும், எடுத்தவரை அல்ல.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இதில் உங்கள் முதலாளிக்கு நஷ்டமே கிடையாது. உரித்து வந்த பருப்பு எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் அவர் கூலி கொடுக்கிறார். எடையும் பணமும் கிராம் பிசகாமல் ஒத்துப்போகும். வருடத்துக்கு ஒருமுறை வரும் ஆடிட்டரும் தலையாட்டிவிட்டுப் போவார். இழப்பவர்களிடம் கணக்குப் புத்தகம் இல்லை. புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு இழப்பு இல்லை. முதலாளியின் கல்லாவில் பத்தாயிரம் குறைந்திருந்தால் அன்று சாயங்காலத்துக்குள் கொட்டகையையே புரட்டிப் போட்டிருப்பார்கள். வேலையிடத்தில் எந்தத் தவறு கண்ணுக்குத் தெரியும், எது தெரியாது என்பதை முதலில் தீர்மானிப்பது அது யாருடைய பையில் கை வைக்கிறது என்பதுதான். மனசாட்சி எல்லாம் அதற்குப் பிறகு.

இப்போது அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். நீங்கள் நிறைய விஷயங்கள் எழுதியிருந்தாலும் உண்மையில் கேட்டது அதைப் பற்றித்தான்.

1968-ல் நியூயார்க்கில் லட்டானே, டார்லி என்று இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களை ஓர் அறையில் உட்காரவைத்துப் படிவம் நிரப்பச் சொன்னார்கள். சற்று நேரத்தில் சுவரில் இருந்த ஒரு துவாரம் வழியாக அறைக்குள் புகை வரத் தொடங்கியது. தனியாக இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் எழுந்து வெளியே போய்ச் சொன்னார்கள். கூடவே இரண்டு பேரை உட்காரவைத்து, புகையைப் பார்த்தும் பார்க்காததுபோல எழுதிக்கொண்டே இருக்கும்படி அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தபோது, போய்ச் சொன்னவர்கள் நூற்றுக்கு 10 பேர்தான். மற்றவர்கள் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், ஜன்னலைத் திறந்தார்கள், படிவத்தை நிரப்பினார்கள்.

அவர்கள் முட்டாள்களும் அல்ல, கோழைகளும் அல்ல. என்ன நடக்கிறது என்று புரியாதபோது மனிதன் முதலில் பார்ப்பது பக்கத்து ஆளின் முகத்தை. அந்த முகம் அமைதியாக இருந்தால், 'நமக்குத்தான் ஏதோ தப்பாகத் தோன்றுகிறது' என்று நினைத்துக்கொள்கிறான். அந்த முகத்துக்காரனும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறான் என்பது இவனுக்குத் தெரிவதில்லை. உங்கள் கொட்டகையில் அறுபது பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, மற்றவர்கள் சம்மதித்துவிட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். 'இத்தனை பேருக்குத் தெரிந்தும்' என்று நீங்கள் எழுதியிருப்பதைச் சற்றுத் தட்டிப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்திருக்கலாம். ஆனால் அடுத்தவளுக்கும் இது உறுத்துகிறது என்பது அங்கே ஒருத்திக்கும் தெரியாது.

புதிதாக வந்த பெண் அதை உடைத்தாள். அவளுக்கு இன்னும் பார்த்துப் பழகிய முகம் ஒன்றும் இல்லை, ஆகவே கூடையைப் பார்த்தாள். அந்தச் சில விநாடி மௌனத்தில் கொட்டகை முழுவதும் நீங்கள் பயப்படுகிற அதே இடத்துக்கு வந்து நின்றது. அதிலிருந்து தப்பிக்கக் கிடைத்த கதவு சிரிப்பு. சிரித்துவிட்டால் கேள்வி வேடிக்கையாகிவிடும். கேட்டவள் விவரம் தெரியாத பிள்ளை ஆகிவிடுவாள். யாரும் அவளைத் திட்டவில்லை, மிரட்டவில்லை, மேஸ்திரி வாயே திறக்கவில்லை பாருங்கள். அவருக்காக நீங்கள் அத்தனை பேரும் சேர்ந்து அந்த வேலையை முடித்துக் கொடுத்தீர்கள். உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. அந்தச் சிரிப்பு உங்களைத் தூங்கவிடாததற்குக் காரணம் அது ஒரு செயல் என்று உங்களுக்கே தெரிந்திருப்பதுதான். நான்கு வருடம் சும்மா இருந்தது வேறு, அன்றைக்குச் சிரித்தது வேறு.

ஆனால் அந்த நியூயார்க் சோதனையை உங்கள் கொட்டகைக்கு அப்படியே பொருத்த எனக்கு மனம் வரவில்லை. அந்த அறையில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர்கள். யாரும் யாருக்கும் ரத்தம் கொடுத்தவர்கள் அல்ல.

வேலையிடத்து அநியாயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பயத்தைச் சொல்வார்கள். வேலை போய்விடும், பழிவாங்குவார்கள், நமக்கேன் வம்பு. அதுவும் உண்மைதான். ஆனால் இருபத்திரண்டு வருடம் கடலூர் சிப்காட்டில் தொழிலாளர் நல அலுவலராக இருந்து நான் பார்த்ததில், பயத்தைவிட அதிகமாக வாயை அடைத்தது நன்றி. நம் ஊரில் யாரும் ஒரு வேலைக்குத் தனியாகப் போய்ச் சேர்வதில்லை. ஒருவர் கைகாட்டி, ஒருவர் சொல்லி, ஒருவர் முன்னால் நின்று சேர்த்துவிடுகிறார்கள். சேர்ந்த பிறகு கல்யாணத்துக்கு மொய், சாவுக்கு மாலை, பிள்ளை ஃபீசுக்குக் கைமாற்று. பத்து வருடம் போனால் ஒவ்வொருவரும் மற்றவருக்கு ஏதோ ஒரு வகையில் கடன்பட்டிருப்பார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். உப்பிட்டவர் தராசில் கை வைத்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

உங்கள் அப்பாவின் உடம்பில் அவருடைய ரத்தம் ஓடுகிறது. அந்த உதவியை நான் ஒரு சொல்கூடக் குறைத்துச் சொல்லமாட்டேன். மேஸ்திரி கெட்டவர் இல்லை என்று நீங்கள் எழுதியதையும் நம்புகிறேன். ஆனால் அந்தக் கடனை இப்போது அடைத்துக்கொண்டிருப்பது யார் என்று பாருங்கள். ரத்தம் வாங்கியது உங்கள் குடும்பம். மாதம் தலைக்கு 250 ரூபாய் தவணை கட்டுவது அந்த அறுபது பெண்கள். அவர்களைக் கேட்காமலேயே அவர்களை உங்கள் கடனுக்கு ஜாமீன்தாரர்கள் ஆக்கிவிட்டீர்கள்.

அவர் கொடுக்கும் வட்டியில்லா அட்வான்சும் அப்படித்தான். ஐந்தாயிரம் அட்வான்ஸ் வாங்கிய பெண்ணிடமிருந்து வருடத்துக்கு 3,000 ரூபாய் கூடைவழியாகப் போகிறது. எந்தத் தண்டல்காரரும் இவ்வளவு வட்டி வாங்கிக்கொண்டு இவ்வளவு நல்ல பெயர் வாங்கியதில்லை.

நானும் இந்த வண்டியில் போனவன்தான், சொல்லிவிடுகிறேன்.

நான் இருந்த ரசாயனத் தொழிற்சாலையில், வாயு கசிந்தால் போட்டுக்கொள்ளும் சுவாசக் கருவிகள் ஆறு இருந்தன. அவற்றின் சிலிண்டரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று தினமும் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதுகிறவர் பாதுகாப்புப் பிரிவில் ஒரு மூத்தவர். மாதக் கடைசியில் கையெழுத்துப் போடுகிறவன் நான். ஒரு மாதம் பார்த்தேன்: முப்பது நாளும் ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதிய பக்கம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதமும் போட்டேன். ஏனென்றால் 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்துவிட்டுப் போன பிறகு, எங்கள் தெருவில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, எங்கிருந்தோ ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தவர் அவர். வீட்டில் அப்போது படுத்த படுக்கையாக அம்மா.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், வருடா வருடம் புதியவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்ததும் நான்தான். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் விஷவாயு கசிந்தபோது, தொட்டியைக் குளிரவைக்கும் இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்ததையும், வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் பழுதுபார்ப்புக்காகக் குழாய் கழற்றிக் கிடந்ததையும் படம் போட்டுக் காட்டுவேன். "அங்க வேலை பார்த்தவங்களுக்கு இதெல்லாம் தெரியாமலா இருந்திருக்கும்?" என்று நானே கேட்பேன். கேட்டுவிட்டு மேலே போய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவேன்.

எங்களுக்கு விபத்து எதுவும் நடக்கவில்லை. ஒத்திகை ஒன்றின்போது ஆறில் இரண்டு சிலிண்டர் காலி என்று தெரிந்தது, அவ்வளவுதான். முகமூடியைக் கழற்றிய பையன் ஒருவன் என்னைப் பார்த்து, "நீங்கதான சார் கையெழுத்து போட்டீங்க?" என்றான். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. உண்மையாகவே கேட்டான். அதன் பிறகு நான் மூத்தவரிடம் பேசினேன், அவர் பேச்சை நிறுத்தினார், அம்மாவின் காரியத்துக்குக்கூட வரவில்லை. அதையும் சேர்த்தே சொல்கிறேன், சுலபமாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் கழிவு 700-லிருந்து 800, 800-லிருந்து 1,000 என்று ஏறிய விதத்தைப் பற்றி ஒரு சொல். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 விநாடியில் சிதறி 7 பேர் இறந்தார்கள். காரணமான ரப்பர் வளையம் அதற்கு முந்தைய பயணங்களிலேயே அரிக்கப்பட்டு வந்தது பொறியாளர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் கலம் பத்திரமாகத் திரும்பியதால், அந்த அரிப்பே 'வழக்கமான அளவு' ஆகிவிட்டது. இதை ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வாகன், பிறழ்வே வழக்கமாகிப் போவது என்ற பொருளில் இதற்கு ஒரு பெயரே வைத்தார். உங்கள் கொட்டகையில் முதல் நாளே 600 கிராம் கூடைக்கு ஒரு கிலோ கழித்திருந்தால் தீ பற்றியிருக்கும். நூறு, அப்புறம் இருநூறு என்று ஏறியதால் ஒவ்வொரு ஏற்றமும் முந்தையதன் பக்கத்து வீடுபோலத் தெரிந்தது. கூடவே ஒரு நல்ல பெயரும்: ஈரப்பதம். நம் வேலையிடங்களில் இதற்கெல்லாம் சொற்பஞ்சமே இல்லை. அட்ஜஸ்ட்மென்ட், மாமூல், கவனிப்பு, ரவுண்டாக. தேன் எடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா என்று பழமொழியே வைத்திருக்கிறோம். அந்தப் பழமொழியை எப்போது கேட்டாலும் எனக்கு ஒரு சந்தேகம்: புறங்கையில் வழிவதற்கு அளவு உண்டு, இது குடத்தோடு போகிறதே.

நானும் திருடியா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் நீங்கள் மறுபடி தூங்கமாட்டீர்கள். கூடைக் கழிவு உங்கள் கண் முன்னால் நடந்தது, அதில் உங்கள் பங்கு மற்ற அறுபது பேருடைய பங்கைப் போன்றதுதான். அந்த மூன்று பெயர்கள் அப்படி அல்ல. இல்லாத ஆளுக்குக் கூலி என்று ஒவ்வொரு வாரமும் விரல் வைத்து ஏற்றியது நீங்கள். ஏமாற்றும் நோக்கத்தோடு ஓர் ஊழியர் முதலாளியின் கணக்கில் பொய் எழுதுவது, பழைய தண்டனைச் சட்டத்திலும் இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 7 வருடம் வரை சிறை போகக்கூடிய குற்றம். ஒரு பைசா வாங்கவில்லை என்பது உங்கள் மனத்துக்குப் பெரிய விஷயம். ஆனால் நாளைக்கு விசாரணை என்று வந்தால் மேஸ்திரி கையை விரித்துவிடலாம்; அவர் கூடையைத்தான் தொட்டார், கம்ப்யூட்டரைத் தொடவில்லை. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்களுக்கு நன்றி உணர்வு இருக்கும் அளவுக்குத் தற்காப்பு உணர்வும் வேண்டும்.

சரி, என்ன செய்வது?

முதலில் ஒரு துணை தேடுங்கள். 1950-களில் சாலமன் ஆஷ் என்பவர் செய்த சோதனை ஒன்று உண்டு. கோடுகளின் நீளத்தை ஒப்பிட்டுச் சொல்லும் எளிய வேலை. கூட இருப்பவர்கள் எல்லோரும் வேண்டுமென்றே தப்பான விடை சொல்வார்கள். மூன்றில் ஒரு பங்குத் தடவை, சோதனைக்கு வந்தவரும் தன் கண்ணை நம்பாமல் அவர்களோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், தப்புக்கு ஒத்துப்போவது நூற்றுக்கு 5 அளவுக்கு விழுந்துவிட்டது. அறுபது பேரைத் திரட்டச் சொல்லவில்லை. ஒரு மூத்த அக்கா போதும், அட்வான்ஸ் வாங்காதவராக இருந்தால் நல்லது. அவரிடம் மேஸ்திரியைப் பற்றிப் பேச வேண்டாம். "அக்கா, அந்தப் பொண்ணு கேட்டப்ப நானும் சிரிச்சுட்டேன், மனசு கேக்கல" என்று மட்டும் சொல்லுங்கள். பதில் என்னவாக இருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும், இருந்தாலும் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது மேஸ்திரி. இங்கே என் தொழிலில் இருக்கும் பலர் என்னோடு உடன்படமாட்டார்கள். முதலில் குற்றவாளியிடமே போய்ச் சொல்வது ஆதாரத்தை அழிக்க வாய்ப்புக் கொடுப்பதாகும் என்பார்கள். பெரிய கம்பெனியாக இருந்தால், கோடிக்கணக்கான பணமாக இருந்தால், நானும் அதையே சொல்வேன். உங்களுடையது ஊர்க்காரர் நடத்தும் கொட்டகை. அவருக்குத் தெரியாமல் மேலே போனீர்களென்றால், ரத்தம் கொடுத்தவரை முதுகில் குத்தினாள் என்ற பேச்சைத் தவிர வேறு எதுவும் ஊரில் மிஞ்சாது. கூடைக் கதை காணாமல் போய்விடும். ஆகவே தனியாக, பகலில், கொட்டகைக்கு வெளியே பேசுங்கள். திருட்டு என்ற சொல்லை எடுக்காதீர்கள். "அண்ணே, அப்பாவுக்கு நீங்க செஞ்சத உசிரு இருக்கிற வரைக்கும் மறக்கமாட்டேன். ஆனா வர்ற வாரத்துலேர்ந்து அந்த மூணு பேர என்னால ஏத்த முடியாது. கூடைய தெனமும் வெறுமனே ஒருவாட்டி எடை போட்டுட்டு அதையே கழிச்சுக்கலாம்ணே." இவ்வளவுதான். பழைய கணக்கை அப்போது கிளற வேண்டாம். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியமும் செய்ய வேண்டாம்.

அவர் இறங்கிவர ஒரு படிக்கட்டு இருக்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் பல வருடப் பொய்க் கணக்கை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்தில், புலிமேல் ஏறிவிட்டு, அது தின்றுவிடாமல் எப்படி இறங்குவது என்று தெரியாமல் இருந்ததாக எழுதினார். நாம் புலிவால் என்போம். ஏழாயிரம் கோடிக்கும் 15,000 ரூபாய்க்கும் தூரம் அதிகம்தான், வால் ஒரே வால். கூடையை எடை போடும் வழக்கம் கொட்டகையில் வந்துவிட்டால் அந்த மூன்று பெயருக்கும் எடையே மிச்சமிருக்காது. தானாக உதிர்ந்துவிடும்.

அவரிடம் பேசுவதற்கு முன்பே ஒரு சிறிய நோட்டில், வீட்டில் வைத்து, எழுதத் தொடங்குங்கள்: தேதி, கழித்த எடை, அந்த மூன்று பெயருக்கு ஏற்றிய எடை. முத்திரையிட்ட ஒரு கிலோ எடைக்கல்லை மளிகைக் கடையில் இரவல் வாங்கித் தராசு சரியாக இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தராசு நேர்மையானதாகவும் கூடைக் கழிவு மட்டும் பொய்யாகவும் இருந்தால் விஷயம் இன்னும் தெளிவு. கொட்டகைக் காகிதங்களைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். ஒன்று அனுப்பினால் ஒன்பது ஊருக்குப் போகும்.

மேஸ்திரி மறுத்தால் முதலாளி. அவரிடம் பெண்களின் பத்து ரூபாயைப் பற்றி மட்டும் பேசினால் காதில் விழாமல் போகலாம். ஆள் இல்லாத பெயர்கள் அவர் கூலிப் பட்டியலில் இருக்கின்றன, ஆய்வுக்கு யாராவது வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர் என்பதைச் சொல்லுங்கள். சட்டென்று கேட்கும். அதுவும் நடக்காவிட்டால் கடலூரில் தொழிலாளர் துறை இருக்கிறது. தமிழ்நாட்டில் கூலிப் புகாரும் எடையளவுப் புகாரும் அதே துறையின் கீழ்தான் வருகின்றன. தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) என்று கேட்டுப் போங்கள். 2009-ஆம் வருடச் சட்டமுறை எடையளவுச் சட்டம் கடை வியாபாரத்துக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். செய்த வேலையையும் கொடுக்க வேண்டிய கூலியையும் எடைபோட்டுக் கணக்கிடுவதும் அந்தச் சட்டத்தின் கணக்கில் பரிவர்த்தனைதான்.

இந்தப் படியில் ஓர் எச்சரிக்கை. உங்களைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். தவறைச் சுட்டிக்காட்டுவோரைக் காக்க 2014-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அரசு ஊழியர்கள்மீதான புகார்களுக்கானது, அதுவும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. கம்பெனிச் சட்டம் சொல்லும் புகார் ஏற்பாடு பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளையும் வேறு சில பெரிய கம்பெனிகளையும் தாண்டி வராது. முந்திரிக் கொட்டகைக் கணக்குப்பிள்ளைக்கு அதில் குடை இல்லை. ஆகவே தொழிலாளர் துறைப் படியை மிதிப்பதற்கு முன் வேறு வேலையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்றத் தெரிந்த, நான்கு வருடம் கூலிப் பட்டியல் போட்ட பெண்ணுக்குக் கடலூரிலும் புதுச்சேரியிலும் வேலை கிடைக்காமல் போகாது. இது கோழைத்தனம் இல்லை. பட்டினியோடு யாராலும் நீண்ட நாள் நியாயம் பேச முடியாது.

ஆனால் அந்த மூன்று பெயர்களை ஏற்றுவதை நிறுத்த இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். அது உங்கள் விரல்.

ரத்தக் கடன் மனத்தில் கிடந்து அறுத்தால், ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஜிப்மர் ரத்த வங்கிக்குப் போய் ஒரு யூனிட் கொடுத்துவிட்டு வாருங்கள். எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். மேஸ்திரிக்கும் உங்களுக்கும் உள்ள கணக்கு அப்படியே இருக்கட்டும், அது வேறு புத்தகம்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும், நீங்கள் எழுதவில்லை. அந்தப் புதுப்பெண்ணுக்கு மூன்று நாள் கூலி கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் அதிலும் முப்பது ரூபாய் குறைகிறது. அவள் எந்த ஊர், எந்த பஸ்ஸில் வருவாள் என்று கொட்டகையில் யாருக்காவது தெரிந்திருக்கும். விசாரித்து, போய்ப் பார்த்து, கூடை 600 கிராம்தான் என்று அவளிடம் சொல்லிவிட்டு வாருங்கள். மேஸ்திரியிடம் பேசுவதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம்.